பக்கிங்காம் பிரபுவும் தாது வருஷப் பஞ்சமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய ஆய்வு

சென்னையில் பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் போகிறவர்கள் எல்லாருக்கும் பக்கிங்காம் கால்வாயைத் தெரியும். ரயிலைத் தாங்கும் தூண்களே அந்தத் தண்ணீருக்குள்தான் நிற்கின்றன. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற அந்தத் துண்டு சுமார் 8 கிலோமீட்டர் நீளம். அதை 1877–78இல் வெட்டினார்கள். மண் சுமந்தவர்கள் பஞ்சத்தில் பிழைக்க வழியில்லாமல் கூலிக்கு வந்தவர்கள். பெயர் மட்டும் அப்போது சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த ஆங்கிலப் பிரபுவின் பெயர்.

அந்தப் பிரபு, பக்கிங்காம் மற்றும் சாண்டோஸ் கோமகன்களின் வரிசையில் மூன்றாமவர். அவர் வாழ்க்கையில் 1876 இறுதி முதல் 1878 வரையிலான காலத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஆரம்பத்தில் அவர் சரியாகக் கணித்தார். ஆனால் அந்தக் கணிப்பின்படி நடக்கும் அதிகாரம் சில வாரங்களிலேயே அவர் கையைவிட்டுப் போனது. திரும்பி வர எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதங்களில் யார் என்ன பார்த்தார்கள், யார் என்ன முடிவெடுத்தார்கள் என்பதுதான் விஷயம்.

அவரைத் தவிர மற்ற அதிகாரிகளைப் பதவியால் மட்டும் குறிப்பிடுகிறேன். முடிவுகள் எப்படி உருவாயின என்பதில் கவனம் நிற்க வேண்டும் என்பதற்காக. கால்வாய் வெட்டியவர்கள், முகாம்களில் இறந்தவர்கள் விஷயத்தில் பெயரை விடும் தேவையே எழவில்லை. அரசாங்க அறிக்கைகளில் அவர்கள் தலை எண்ணிக்கையாக மட்டும்தான் வருகிறார்கள்.

பின்னணி: கடனுக்கு நடுவே வளர்ந்த பிரபு

அவர் பிறந்தது 1823 செப்டம்பர் 10. ஈட்டன் பள்ளி, பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரி. பக்கிங்காம்ஷயரில் உள்ள ஸ்டோவ் மாளிகை குடும்பச் சொத்து. 1845இல் விக்டோரியா மகாராணியே வந்து தங்கிய இடம். வெளிப்பார்வைக்கு எல்லாம் நிறைவாகத்தான் இருந்தது. உள்ளே தந்தை பத்து லட்சம் பவுனுக்கும் மேல் கடன் வாங்கியிருந்தார்.

மகனுக்கு 21 வயது நிரம்பியதும் தந்தை அவரிடம் கையெழுத்து வாங்கினார். பரம்பரைச் சொத்தை அடமானம் வைக்க வாரிசின் சம்மதம் தேவைப்பட்டது. மூன்று ஆண்டுகளில் ஜப்தி செய்ய ஆட்கள் மாளிகைக்குள் வந்துவிட்டார்கள். 1848இல் ஸ்டோவில் நாற்பது நாள் ஏலம் நடந்தது. ஓவியம், வெள்ளிப் பாத்திரம், மேசை, நாற்காலி எல்லாம் போயும் கிடைத்தது சுமார் 75,000 பவுன்தான். கடனுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

அதற்கப்புறம் மீதியைக் காப்பாற்றும் வேலை மகன் தலையில் விழுந்தது. பெரிய மாளிகையை விட்டுவிட்டு வாட்டன் என்ற இடத்தில் இருந்த சின்ன வீட்டுக்குப் போனார். 1853இல் லண்டன் வடமேற்கு ரயில்வே நிறுவனத்தின் தலைவரானார். இங்கிலாந்தின் மிகப் பெரிய ரயில் நிறுவனங்களில் ஒன்று அது. எட்டு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். பிற்பாடு 1871இல் தன் நிலத்திலேயே விளைபொருள் ஏற்ற ஒரு சிறு ரயில் பாதையும் போட்டார். கோமகன் பட்டத்துக்கு வாரிசான ஒருவர் ரயில்வே நிர்வாகம் பார்ப்பது அந்தக் காலத்தில் சாதாரணமாக நடக்கிற காரியமல்ல.

அரசியலில் அவர் கன்சர்வேட்டிவ். 1846 முதல் 1857 வரை பக்கிங்காம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். தந்தை 1861இல் இறந்தபின் பிரபுக்கள் சபை. 1867–68இல் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர். கனடா ஒரே நாடாக இணைந்த 1867 ஜூலை 1 அன்று அந்தப் பொறுப்பில் இருந்தவர் இவர்தான்.

1874இல் மனைவி இறந்துபோனார். மறு ஆண்டு சென்னையின் ஆளுநர் பதவியிலேயே காலமாக, அந்த இடம் இவருக்கு வந்தது. மூன்று மகள்களோடு 1875 நவம்பரில் சென்னையில் இறங்கினார். வயது 52.

இவ்வளவு முன்கதை சொல்வதற்குக் காரணம் உண்டு. சரக்கு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு எப்படிப் போகும், எங்கே தேங்கும் என்பது தெரிந்தவர் அவர். பணம் தீர்ந்துபோன வீட்டில் அடுத்து என்ன நடக்கும் என்பதையும் பார்த்தவர். பஞ்சம் வந்தபோது அவர் முதலில் எடுத்த முடிவில் இந்த இரண்டு அனுபவத்தின் சாயலும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1876: கண்ணில் பட்டவை

1876இல் தென்மேற்குப் பருவமழை பல மாவட்டங்களில் பொய்த்தது. பெல்லாரி, கர்னூல், கடப்பா முதலில் அடிபட்டன. வடகிழக்குப் பருவமழை காப்பாற்றும் என்று காத்திருந்தார்கள். அதுவும் ஏமாற்றியது. சேலம், கோயம்புத்தூர், வட ஆற்காடு, செங்கல்பட்டு என்று வறட்சி தெற்கே இறங்கியது. தாது வருஷத்தில் வந்ததால் தமிழ்நாட்டில் இதைத் தாது வருஷப் பஞ்சம் என்கிறோம். தாத்தா பாட்டி வாயில் அந்தப் பெயர் நெடுங்காலம் இருந்தது.

மாவட்டங்களிலிருந்து வந்த செய்திகளின் சாரம் ஒன்றுதான். விளைச்சல் போனதோடு வேலையும் போய்விட்டது. நிலமில்லாத கூலிக்காரர், நெசவாளர் கையில் காசு இல்லை. அதே நேரத்தில் தானியத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. ரயில் இருந்தால் பஞ்சம் வராது என்று அதுவரை நம்பியிருந்தார்கள். உண்மையில் ரயில், விலை அதிகம் கிடைக்கும் இடத்துக்குத் தானியத்தைக் கொண்டுபோனது. பசித்தவன் கையில் காசு இல்லையென்றால் அவன் ஊரில் வண்டி நிற்காது.

1876 கடைசியில் சென்னை நகரத்துக்குள் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். வசதியுள்ள குடும்பங்கள் தங்கள் செலவில் கஞ்சி ஊற்றின. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசி மூட்டைகள் கடற்கரையில் மலைமலையாகக் குவிந்து கிடந்தன, காவலோடு. அந்த மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே மனிதர்கள் விழுந்து செத்தார்கள்.

முதல் முடிவு: 30,000 டன் தானியம்

வியாபாரிகள் கொண்டுவருவது போதாது, அதுவும் நேரத்துக்கு வராது என்று ஆளுநரும் அவர் சபையும் கணித்தார்கள். ஒரு வணிக நிறுவனத்தின் மூலம் சத்தமில்லாமல் 30,000 டன் தானியம் வாங்க ஏற்பாடு செய்தார்கள். அரசு வாங்குகிறது என்று தெரிந்தால் சந்தையில் விலை எகிறும். ரகசியத்துக்கு அதுதான் காரணம். கூடவே மாவட்டங்களில் நிவாரண வேலைகளும் தொடங்கின. ரோடு, ஏரிக்கரை, கல் உடைப்பு என்று வேலை கொடுத்துக் கூலி தந்தார்கள்.

இந்த முடிவு சரி என்றே நான் கருதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் 1873–74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது அரசே பர்மாவிலிருந்து சுமார் நாலரை லட்சம் டன் அரிசி இறக்கியது. அங்கே பட்டினிச் சாவு மிகக் குறைவாக இருந்தது. வழி ஏற்கெனவே கண் முன்னால் இருந்தது.

கல்கத்தாவில் இருந்த இந்திய அரசு அப்படிப் பார்க்கவில்லை. பீகாரில் பணம் வாரி இறைக்கப்பட்டது என்ற விமர்சனம் லண்டன் வரை போயிருந்தது. தானிய வியாபாரத்தில் அரசு கை வைத்தால் வியாபாரிகள் பின்வாங்கிவிடுவார்கள் என்பது அப்போதைய பொருளாதாரப் பாடம். 30,000 டன் விஷயம் தெரிந்ததும் சென்னைக்குக் கண்டனம் வந்தது. இனி வாங்கக் கூடாது என்று உத்தரவு.

தர்பாரும் ஒரு ராத்தல் கூலியும்

1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் தர்பார். விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் விழா. பஞ்சம் முற்றிக்கொண்டிருந்த நேரத்தில் சென்னை ஆளுநர் டெல்லியில் இருந்தார். பம்பாய் ஆளுநரும் அங்கேதான். பஞ்ச நிவாரணத்தை எப்படி நடத்துவது என்று அந்த நாட்களிலேயே பேசினார்கள். செலவைக் கட்டுக்குள் கொண்டுவர மூத்த அதிகாரி ஒருவரைப் பஞ்சப் பிரதிநிதியாக வைஸ்ராய் தெற்கே அனுப்பினார்.

அந்த அதிகாரி யார் என்பதுதான் இந்த நிகழ்வில் என்னை மிகவும் உறுத்துவது. பீகாரில் அரிசி இறக்கி உயிர்களைக் காப்பாற்றியவர் அவரேதான். அதற்காக வசை வாங்கியவரும் அவரே. இந்தத் தடவை உயிரைக் காக்கத் தேவையான மிகக் குறைந்த தொகைக்கு மேல் ஒரு காசும் செலவழிக்கக் கூடாது என்ற அறிவுரையோடு வந்தார்.

மாவட்டம் மாவட்டமாகச் சுற்றினார். நிவாரணப் பட்டியலில் இருந்தவர்களில் லட்சக்கணக்கானவர்களைக் குறைத்தார். வேலை செய்யும் ஆணுக்கு நாள் கூலியாக ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் அரை அணாவும் போதும் என்றார். அதுவரை கணக்கு ஒன்றரை ராத்தல். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இதைவிடக் குறைவு. முதலில் இதைப் பரிசோதனையாகப் பார்க்கலாம் என்று சொல்லப்பட்டது. சென்னை அரசு ஒப்புக்கொண்டது.

ஒரு ராத்தல் என்றால் சுமார் 454 கிராம். இன்றைய கணக்கில் சுமார் 1,600 கலோரி. நாள் முழுக்க வெயிலில் மண் வெட்டிக் கூடையில் சுமக்கும் ஆளுக்கு அது எந்த மூலைக்கு? கூலி வாங்குகிறவன் பெரும்பாலும் தனி ஆளும் இல்லை. அந்த ஒரு ராத்தலில் வேலைக்கு லாயக்கில்லாத கிழவிக்கும் கைக்குழந்தைக்கும் பங்கு போகும்.

சுகாதார ஆணையரின் வாதம்

இதை எதிர்த்து எழுதியவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர். மருத்துவர். மாகாணத்தின் சிறைகளில் கைதிகளின் உணவைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தவர். உழைக்கும் உடம்புக்குத் தானியம் குறைந்தது ஒன்றரை ராத்தல் வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். சிறையில் கைதிக்குக் கிடைப்பதைவிடக் குறைவாக, எந்தக் குற்றமும் செய்யாத கூலிக்காரனுக்குக் கொடுக்கிறீர்கள் என்பது அவர் வாதத்தின் அடிப்படை.

பஞ்சப் பிரதிநிதி முகாம்களைப் பார்த்துவிட்டு ஜனங்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று எழுதினார். ஆணையர் பார்த்துவிட்டு மெலிந்துபோகிறார்கள் என்று எழுதினார். இரண்டு பேரும் போனது ஒரே மாவட்டங்களுக்கு. வேறுபாடு பார்த்த முறையில் இருந்தது. ஒருவர் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தார். மற்றவர் மருத்துவர் என்பதால் தோலையும் எலும்பையும் வயிற்றுப்போக்கையும் பார்த்தார். வேலைக்கு வர முடியாமல் படுத்துவிட்டவன் வரிசையில் எப்படித் தெரிவான்?

ஆளுநர் இந்த இரண்டு அறிக்கைகளுக்கும் நடுவில் இருந்தார். மனம் மருத்துவரின் பக்கம் இருந்தது என்பதைப் பிறகு அவர் செய்தவை காட்டுகின்றன. ஆனாலும் பரிசோதனையைத் தொடர விட்டார். மே மாத வாக்கில் நிவாரண வேலையில் இருந்த பாதிக்கு மேற்பட்டவர்கள் உடம்பால் எந்த வேலையும் செய்ய முடியாத நிலைக்கு வந்துவிட்டதாக மாவட்ட அதிகாரிகளே எழுதத் தொடங்கினார்கள். பஞ்சப் பிரதிநிதி பதவி உயர்வில் பம்பாய் ஆளுநராகப் போனார். அதன் பிறகு 1877 நடுவில் சென்னை அரசு கூலியைக் கூட்டியது.

இரண்டாம் ஆண்டும் மழை பொய்த்தபோது

கூலியைக் கூட்டிய நேரத்தில் அடுத்த அடி விழுந்தது. 1877இன் தென்மேற்குப் பருவமழையும் சரியாக வரவில்லை. நிவாரணம் பெறுவோர் தொகை 20 லட்சத்தைத் தாண்டியது. கிராமங்கள் காலியாகின. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் கப்பல் ஏறியவர்கள் ஏராளம்.

ஆகஸ்டில் சென்னையில் பொதுக்கூட்டம் கூடி லண்டன் மேயருக்குத் தந்தி அடித்து உதவி கேட்டார்கள். இங்கிலாந்து முழுவதும் ஜனங்கள் கொடுத்த பணம் லட்சக்கணக்கான பவுனாக வந்து சேர்ந்தது. இது தன் கொள்கையில் குறுக்கிடுவது என்று வைஸ்ராய் முதலில் எரிச்சல்பட்டார். அந்தப் பணம் பெரிதும் விதைக்கும், உழவு மாட்டுக்கும், இடிந்த வீட்டைக் கட்டவும், துணிமணிக்கும் போனது. அரசு நிவாரணம் எட்டாத இடம் அது. பஞ்சம் முடிந்தபின் மனிதன் எதை வைத்து எழுந்திருப்பான் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் வைஸ்ராயே தெற்கே வந்தார். ஆளுநர் நடத்திய நிவாரண முகாம்கள் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தன் பண்ணையில் கொழுக்கும் மாடுகளையும் பன்றிகளையும் ஆசையோடு பார்க்கப் போகும் பக்கிங்காம்ஷயர் நிலக்கிழாரைப் போல இவர் முகாம்களுக்குப் போகிறார் என்று மனைவிக்குக் கடிதத்தில் எழுதினார். அந்த வரியை எத்தனை தடவை படித்தாலும் மனசு ஆறுவதில்லை. முகாமில் கஞ்சி குடித்து உயிரோடு இருப்பதையே அவர் கொழுப்பாகப் பார்த்திருக்கிறார்.

ஆனாலும் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். பஞ்ச நிர்வாகம் முழுவதையும் சபையோடு பகிராமல் ஆளுநரே நேரடியாக எடுத்துக்கொள்வது. அவருக்கு உதவியாகப் பம்பாயில் பஞ்ச வேலையைப் பார்த்த ஒரு ராணுவப் பொறியாளர். உடம்பில் தெம்புள்ளவர்களைச் சின்னச் சின்ன வேலைகளிலிருந்து பெரிய பொதுப்பணிகளுக்கு மாற்றுவது. நகரத்துக்குள் கால்வாய் வெட்டும் வேலை இந்தக் கட்டத்தைச் சேர்ந்தது. கையைவிட்டுப் போய் எட்டு மாதம் கழித்து முடிவெடுக்கும் அதிகாரம் மறுபடி அவர் மேசைக்கு வந்தது. செப்டம்பர், அக்டோபரில் மழையும் வந்தது.

விளைவு

மழை வந்ததும் சாவு நிற்கவில்லை. மெலிந்த உடம்புகளில் காய்ச்சல் புகுந்தது. காலரா முன்பே வாரிக்கொண்டு போயிருந்தது. பிறகு வந்த பஞ்ச ஆணையம் 1877–78இல் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் வழக்கத்துக்கு மேல் நிகழ்ந்த சாவுகளைச் சுமார் 52½ லட்சம் என்று மதிப்பிட்டது. அதில் பெரும் பங்கு சென்னை மாகாணத்துடையது. 1871 கணக்கெடுப்பில் மாகாணத்தின் ஜனத்தொகை சுமார் 3 கோடியே 12 லட்சம். பத்து ஆண்டுகள் வளர்ந்திருக்க வேண்டியது 1881இல் சுமார் 3 கோடியே 8 லட்சமாக இருந்தது.

1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை கொடுத்தது. அதன்மேல் 1883இல் பஞ்ச நிவாரண விதித்தொகுப்பு வந்தது. உழைக்கும் ஆணுக்கு ஒன்றரை ராத்தல் தானியம், அதோடு பருப்பு என்ற அளவை ஆணையம் ஏற்றுக்கொண்டது. சுகாதார ஆணையர் 1877 தொடக்கத்தில் கேட்டது அதைத்தான்.

எது மாறியிருக்க வேண்டும்

முதலாவது, டெல்லியிலிருந்து திரும்பிய ஆளுநர் பணிந்துபோனது. சென்னை, பம்பாய் ஆளுநர்கள் வைஸ்ராயைத் தாண்டி லண்டனில் உள்ள இந்திய அமைச்சருக்கு நேராக எழுதும் உரிமை பெற்றவர்கள். மற்ற மாகாணங்களுக்கு அது கிடையாது. இவர் அதோடு முன்னாள் அமைச்சர், ஆளும் கட்சிக்காரர், கோமகன். கூலியைக் குறைப்பதா என்ற கேள்வியை 1877 ஜனவரியிலேயே லண்டன் மேசையில் வைத்து, பதில் வரும்வரை பழைய கூலியைத் தொடர்ந்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் பதவி போயிருக்கலாம். இழக்க அவருக்கு வேறு பெரிதாக எதுவும் இல்லை. சேலத்துக் கூலிக்காரனுக்கு இருந்தது.

இரண்டாவது, பரிசோதனை என்று சொல்லிவிட்டு முறையாக அளக்காதது. கூலியைக் குறைக்கும்முன் ஒரு முகாமில் ஆட்களை எடை போட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி போட்டிருந்தால் விவாதமே முடிந்திருக்கும். எல்லா மாவட்டங்களிலும் ஒரே நேரத்தில் செய்யும் பரிசோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க யாரும் மிஞ்சுவதில்லை.

ரயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரயில்வே நடத்திய ஆள் ஆளுநராக இருந்தும், எந்தச் சரக்கு முதலில் போக வேண்டும் என்பதை வியாபாரமே தீர்மானித்தது. அதற்கு அவர் மட்டும் பொறுப்பல்ல, கல்கத்தாவின் கொள்கை கையைக் கட்டியிருந்தது. ஆனால் 30,000 டன்னை வாங்கத் துணிந்தவர், கடற்கரையில் குவிந்த மூட்டைகளைப் பெல்லாரிக்கு நகர்த்துவதற்கும் அதே துணிச்சலோடு போராடியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சுகாதார ஆணையரை அவர் அடக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். மேலிடத்துக்குப் பிடிக்காத அறிக்கைகளை எழுதிய மனிதர் தொடர்ந்து எழுதினார், அவை அச்சிலும் வந்தன. இன்று இந்த நிகழ்வை இவ்வளவு விவரமாகப் பேச முடிவதற்கு அந்தத் தாள்களும் ஒரு காரணம்.

பின்னாளில்

1880 டிசம்பரில் பதவி முடிந்து ஊர் திரும்பினார். பிரபுக்கள் சபையில் குழுக்களின் தலைவராக 1886 முதல் இருந்தார். 1889 மார்ச் 26 அன்று இறந்தார். ஆண் வாரிசு இல்லாததால் கோமகன் பட்டம் அவரோடு முடிந்தது. நாற்பது நாள் ஏலம் நடந்த ஸ்டோவ் மாளிகை கடைசியில் விற்கப்பட்டு 1923இல் பள்ளிக்கூடமானது.

சென்னையில் வெட்டிய துண்டு, கடலோரமாக ஏற்கெனவே இருந்த கால்வாய்களோடு சேர்ந்தது. காக்கிநாடாவிலிருந்து மரக்காணம் பக்கம் வரை போகும் சுமார் 796 கிலோமீட்டர் நீர்வழி முழுவதற்கும் 1878இல் அவர் பெயரை வைத்தார்கள். உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய படகுகள் பல பத்தாண்டுகள் அதில் போய்வந்தன.